பெயர் எழுதப்பட்ட செங்கற்கள்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், ஷோனெபெர்க் என்னும் பகுதியிலே ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. லோக்னிட்ஸ் பள்ளி என்பது அதன் பெயர். அப்பள்ளி வளாகத்தில் தாழ்வான, நீண்ட சுவர் ஒன்று எழும்பிக் கொண்டிருக்கிறது. அது எந்தக் கூரையையும் தாங்குவதில்லை. எந்தத் தோட்டத்திற்கும் வேலியாக நிற்பதும் இல்லை. அதைக் கட்டுகிறவர்கள் கொத்தனார்கள் அல்லர். பதினொரு வயதும் பன்னிரண்டு வயதுமான பிள்ளைகளே அதைக் கட்டுகிறார்கள்.

ஒவ்வொரு செங்கல்லின் மேலும் ஒரு மனிதரின் பெயர் பிள்ளைகளின் கையெழுத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. பெயருடன் பிறந்த ஆண்டும், எங்கே கொண்டுசெல்லப்பட்டார் என்பதும் இருக்கும். இப்பெயர்களுக்கு உரியவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அதே தெருக்களில் குடியிருந்த யூதர்கள். ஹிட்லரின் ஆட்சியில் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, இரயிலில் ஏற்றப்பட்டு, திரும்பி வராமற்போனவர்கள்.

1990-களின் நடுப்பகுதியில் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் தொடர்ந்து வருகிறது. பெர்லினில் ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிகிறது. அந்தக் கடைசி ஆண்டில் பிள்ளைகள் தங்கள் நாட்டின் இருண்ட வரலாற்றைப் படிக்கிறார்கள். அப்போது அவர்கள் முன்பாக ஒரு பட்டியல் வைக்கப்படுகிறது. ஷோனெபெர்க்கிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்களின் பெயர்ப் பட்டியல் அது. ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். சிலர் தங்கள் பிறந்த நாளிலேயே பிறந்த ஒருவரைத் தேடுகிறார்கள். சிலர் தங்கள் பெயரையே உடைய ஒருவரைத் தேடுகிறார்கள். இன்னும் சிலர் தாங்கள் குடியிருக்கும் அதே தெருவில், சில வேளை அதே வீட்டு எண்ணில் வாழ்ந்த ஒருவரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அதே வீட்டு எண்! தான் தினமும் ஏறி இறங்கும் மாடிப்படியில் எண்பது ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் ஒரே ஒரு பெட்டியுடன் கடைசி முறையாக இறங்கிப்போனார் என்பதை ஒரு பிள்ளை அறிகிற நேரத்தை எண்ணிப் பாருங்கள். எந்தப் பாடநூலும் அதைக் கற்பிக்க முடியாது.

பின்னர் அப்பெயரைச் செங்கல்லில் எழுதி, பெற்றோரும் ஆசிரியர்களும் விருந்தினர்களும் கூடிய ஓர் எளிய நிகழ்ச்சியில், அந்தச் சுவரில் தங்கள் கையாலேயே வைக்கிறார்கள். இதுவரை வைக்கப்பட்ட செங்கற்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

அந்த மனையின் கதை

இப்பள்ளி நிற்கும் இடத்திற்கும் ஒரு கதை உண்டு. 1910-ஆம் ஆண்டு முதல் இங்கே மூன்சென் தெருவில் யூதருடைய ஜெப ஆலயம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் இந்தப் பகுதியில் யூதர்கள் நிறைந்திருந்தார்கள். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள் எனப் படித்த குடும்பங்கள் பல. 1933-ஆம் ஆண்டு இங்கே சுமார் 16,000 யூதர்கள் வாழ்ந்ததாகக் கணக்கு. விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பல ஆண்டுகள் இங்கேயுள்ள ஹாபர்லாண்ட் தெருவில்தான் குடியிருந்தார்.

1938-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி இரவில் ஜெர்மனி முழுவதும் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. யூதருடைய கடைகள் நொறுக்கப்பட்டன. வரலாற்றில் அதனை உடைந்த கண்ணாடிகளின் இரவு என்று அழைக்கிறார்கள். ஷோனெபெர்க் ஜெப ஆலயம் அந்த இரவில் சாம்பலாகவில்லை. காரணம் இரக்கமன்று. அதைச் சூழ்ந்து குடியிருப்புகள் நெருக்கமாக இருந்தன. தீ பரவினால் மற்றவர்களின் வீடுகளும் எரிந்துபோகும். போர் முடிந்தபின் அதில் ஆராதிக்க ஜனங்கள் இல்லை. 1956-ஆம் ஆண்டு அக்கட்டடம் இடிக்கப்பட்டது. 1963-ஆம் ஆண்டு அவ்விடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. இன்று அந்த மனையின் மேல்தான் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது.

பள்ளியிலிருந்து வெளியே வந்து அந்தத் தெருக்களில் நடந்தால், விளக்குக் கம்பங்களில் சிறிய பலகைகள் தொங்குவதைக் காணலாம். மொத்தம் 80 பலகைகள். ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்னும் இரு ஓவியக் கலைஞர்கள் 1993-ஆம் ஆண்டு இவற்றை அமைத்தார்கள். ஒரு பக்கத்தில் குழந்தைகளின் படப்புத்தகத்தில் வருவதுபோன்ற எளிய படம். மறுபக்கத்தில் ஹிட்லரின் காலத்துச் சட்டம் ஒன்றின் சுருக்கம், அதன் தேதியுடன்.

ரொட்டியின் படம் உள்ள பலகையைத் திருப்பிப் பார்த்தால், பெர்லின் யூதர்கள் மாலை நான்கு மணிமுதல் ஐந்து மணிவரை மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம் என்னும் 1940-ஆம் ஆண்டுக் கட்டளை. பூனையின் படத்திற்குப் பின்னால், யூதர் வீட்டுப் பிராணிகளை வளர்க்கலாகாது என்னும் 1942-ஆம் ஆண்டுத் தடை. பூங்காவில் அவர்கள் மஞ்சள் நிறம் பூசிய இருக்கைகளில் மட்டுமே உட்காரலாம் என்பது ஒன்று. யூதப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடக் கூடாது என்பது ஒன்று. பொதுப்பள்ளிகளில் யூதப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது மற்றொன்று.

இப்பலகைகள் முதன்முதலாகத் தொங்கவிடப்பட்டபோது அப்பகுதி மக்கள் திடுக்கிட்டார்கள். ஹிட்லரைப் பின்பற்றும் கூட்டத்தார் யாரோ இரவோடு இரவாக மாட்டிவிட்டார்கள் என்று எண்ணிக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார்கள். காவல்துறையினரும் சிலவற்றைக் கழற்றினார்கள். பின்னரே, இது ஒரு நினைவுச் சின்னம் என்று விளக்கும் சிறு குறிப்பு ஒவ்வொன்றிலும் சேர்க்கப்பட்டது. எனக்கு இச்சம்பவத்தை வாசித்தபோது ஒரு காரியம் உறைத்தது. 1993-இல் இந்த வாசகங்களைக் கண்டு காவல்துறையை அழைத்த அதே தெருக்களில், 1940-இல் இவையே சட்டமாக இருந்தபோது யாரை அழைத்திருக்க முடியும்?

படுகொலை முகாமில் தொடங்கவில்லை. ரொட்டிக்கடையில் தொடங்கியது, பூங்காவின் இருக்கையில் தொடங்கியது. ஒரு சிறுவனின் பூனை பிடுங்கப்பட்டது அதன் ஒரு பகுதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இலட்சங்களின் கணக்கு விளங்காது. பூனையின் கணக்கு விளங்கும்.

பெயரைப் பறித்தவர்கள்

ஏன் பெயர்? ஏன் ஒரு பொதுவான தூணோ சிலையோ போதாது?

ஹிட்லரின் ஆட்சி யூதர்களிடமிருந்து முதலில் பறித்தவற்றில் ஒன்று அவர்களுடைய பெயர். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் ஆணை பிறந்தது. அரசு வெளியிட்ட யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயரை உடைய யூதர் அனைவரும், 1939 ஜனவரி முதல், ஆண்களானால் இஸ்ரவேல் என்றும், பெண்களானால் சாராள் என்றும் ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பாட்டிமார் தங்கள் பேத்திகளுக்கு ஜெபத்தோடு சூட்டும் பெயர் சாராள். அதே பெயரை ஓர் அரசாங்கம் அடையாளக் குறியாக, இழிவின் முத்திரையாகப் பயன்படுத்தியது. பின்னர் ஆஷ்விட்ஸ் முகாமில் பெயரே இல்லாமற்போயிற்று. கையில் பச்சை குத்திய எண் மட்டுமே மிஞ்சியது.

எருசலேமில் உள்ள நினைவகம் யாத் வஷேம் என அழைக்கப்படுவதை நம்மில் பலர் அறிவோம். புனிதப் பயணம் போய் வந்தவர்கள் அதைக் கண்டிருக்கவும் கூடும். அப்பெயர் ஏசாயா 56-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிள்ளைகளே இல்லாதவர்களுக்கும் தம் ஆலயத்தில் ஓர் இடமும் பெயரும் உண்டென்று தேவன் வாக்களிக்கிற பகுதி அது. 1953-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அந்நினைவகம், மாண்ட 60 இலட்சம் யூதரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சேகரிக்கப் புறப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் ஏறத்தாழ 10 இலட்சம் பெயர்கள் கிடைக்கவில்லை. முழுக் குடும்பமும் அழிந்து, பெயர் சொல்ல ஒரு அயலாரும் மிஞ்சாத ஊர்கள் இருந்தன. இறந்தவர்களில் சுமார் 15 இலட்சம் பேர் குழந்தைகள். குழந்தையின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? கைக்குழந்தைக்குக் கடையும் இல்லை, வேலையும் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை.

இங்கே இன்னொரு சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். உலகம் இந்தப் படுகொலையை ஹோலோகாஸ்ட் என்கிறது. அது கிரேக்கச் சொல்லின் வழியாக வந்தது. லேவியராகமத்தில் நாம் சர்வாங்க தகனபலி என்று வாசிக்கிறோமே, அதற்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் நின்ற சொல்லின் உறவுச் சொல்தான் இது. யூதரில் அநேகர் இச்சொல்லை ஏற்பதில்லை. கொலை பலியாகாது, அதைத் தேவன் கேட்கவும் இல்லை என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொல்லும் சொல் ஷோவா. பேரழிவு என்பது அதன் பொருள். இஸ்ரவேல் தேசத்தில் ஷோவா நினைவு நாளன்று காலையில் இரண்டு நிமிடம் சங்கு ஒலிக்கும்போது, நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களும் நிற்கின்றன; ஓட்டுநர்கள் இறங்கித் தலைகுனிந்து நிற்கிறார்கள்; பள்ளிப் பிள்ளைகள் முற்றத்தில் அசையாமல் நிற்கிறார்கள். அங்கே அது எல்லா வீட்டின் துக்கம். ஷோனெபெர்க்கில் நிலைமை வேறு. துக்கம் கொண்டாட வேண்டிய வீடுகள் அங்கே காலியாகிவிட்டன. ஆகவே அந்தக் கடமை, அந்த வீடுகளுக்குப் பின்னால் குடிவந்தவர்களின் பிள்ளைகள் மேல் விழுந்திருக்கிறது.

சபையின் பதிவேடுகள்

ஜெர்மனி கிறிஸ்தவ தேசம். லூத்தர் பிறந்த தேசம். ஷோனெபெர்க்கில் ஜெப ஆலயம் மட்டுமல்ல, தேவாலயங்களும் இருந்தன. அவற்றில் ஞாயிறுதோறும் மணி அடித்தது. இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

ஒருவர் யூதரா அல்லவா என்பதை ஹிட்லரின் அரசு அவருடைய விசுவாசத்தைக் கொண்டு தீர்மானிக்கவில்லை. அவருடைய தாத்தா பாட்டிகளைக் கொண்டு தீர்மானித்தது. 1935-ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்கள் அப்படித்தான் வகுத்தன. கிறிஸ்துவை ஏற்று ஞானஸ்நானம் பெற்ற யூதரும் யூதராகவே எண்ணப்பட்டார். ஒருவர் தாம் யூதர் அல்லர் என்று நிரூபிக்க முன்னோரின் சான்றுகள் வேண்டும். பழங்காலத்துச் சான்றுகள் எங்கே இருந்தன? சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில். நாடெங்கும் போதகர்களும் சபைக் குமாஸ்தாக்களும் பதிவேடுகளைப் புரட்டி நகல் எழுதிக் கொடுத்தார்கள். பெர்லினிலோ இதற்கென்றே 1936-ஆம் ஆண்டு முதல் ஓர் அலுவலகம் நடந்தது. அதன் தலைமையில் இருந்தவர் ஒரு போதகர். ஞானஸ்நானம் பெற்ற யூதர்களின் பெயர்கள் அங்கே தேடி எடுக்கப்பட்டு அரசிடம் சேர்க்கப்பட்டன.

அதே பெர்லினில் ஹைன்ரிக் க்ரூபர் என்னும் மற்றொரு போதகரும் இருந்தார். யூத வம்சத்துக் கிறிஸ்தவர்கள் வெளிநாடு தப்பிச்செல்ல உதவும்படி 1938-ஆம் ஆண்டு ஓர் அலுவலகம் திறந்தார். 1940 டிசம்பரில் கைது செய்யப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். ஒரே ஊர், ஒரே வேதம், ஒரே காலம். இருவரும் பெயர்களை எழுதினார்கள். ஒருவர் எழுதியது பிடிப்பதற்கு. மற்றவர் எழுதியது தப்புவிப்பதற்கு.

போர் முடிந்து 1945 அக்டோபரில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபைத் தலைவர்கள் ஷ்டுட்கார்ட் நகரில் கூடித் தங்கள் குற்றத்தை அறிக்கையிட்டார்கள். அது துணிவான செயலே. ஆனால் அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

நாம் இதைத் தூர தேசத்துக் காரியமாகத் தள்ளிவிட முடியாது. நம் ஞாயிறு பள்ளிகளில், பெரிய வெள்ளிக்கிழமை நாடகங்களில், யூதர் என்றால் யார்? தாடி ஒட்டிய, கூச்சலிடுகிற, சிலுவையில் அறையச் சொல்லும் கூட்டம். அந்த வேடம் போடும் பையனுக்கு, இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்கள்தாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? நான் பார்த்த ஒத்திகைகளில் யாரும் சொல்லவில்லை. நான் நடித்த காலத்தில் எனக்கும் யாரும் சொல்லவில்லை.

காகிதக் கவ்விகளின் ஊர்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் விட்வெல் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 1,600. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். ஏறத்தாழ எல்லாருமே வெள்ளை இனத்தவர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1998-ஆம் ஆண்டு அவ்வூர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை லிண்டா ஹூப்பர், தம்மைப் போன்றவர்களை மட்டுமே பார்த்து வளரும் இப்பிள்ளைகளுக்கு வேற்று மனிதரை மதிக்கக் கற்றுத்தர விரும்பினார். யூதப் படுகொலையைப் பற்றிய வகுப்பு தொடங்கியது. 60 இலட்சம் என்று ஆசிரியர் சொன்னபோது, அது எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஏதாவது ஒன்றை அத்தனை சேர்த்துப் பார்ப்போமே என்ற யோசனை பிறந்தது.

அவர்கள் தெரிந்துகொண்டது தாள்களைக் கவ்வும் சிறு கம்பிக் கிளிப்புகள். நார்வே தேசத்தை ஹிட்லரின் படை ஆக்கிரமித்தபோது, அந்நாட்டு மக்கள் எதிர்ப்பின் அடையாளமாகக் கிளிப்பைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள் என்று பிள்ளைகள் படித்திருந்தார்கள். கிளிப்புகள் முதலில் ஒன்றிரண்டாக வந்தன. பத்திரிகைகளில் செய்தி வந்தபின் உலகெங்குமிருந்து மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. கடிதங்களும் வந்தன. ஜெர்மனியிலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளைகள், ஆன் ஃப்ராங்க் என்னும் சிறுமிக்கு எழுதிய மன்னிப்புச் சீட்டுகளோடு ஒரு பெட்டியை அனுப்பியிருந்தார்கள். இறுதியில் ஜெர்மனியிலிருந்து பழைய சரக்கு இரயில் பெட்டி ஒன்று கப்பலில் வரவழைக்கப்பட்டு, அதனுள்ளே 1 கோடியே 10 இலட்சம் கிளிப்புகள் வைக்கப்பட்டன. மாண்ட யூதர் 60 இலட்சம், மற்றவர்கள் 50 இலட்சம் என்ற கணக்கில். 2001-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி ஊரார் கூடி அதைத் திறந்து வைத்தார்கள். 2004-ஆம் ஆண்டு இது ஆவணப்படமாகவும் வந்தது. அந்தப் பெட்டியைக் காணவரும் மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு விட்வெல் பிள்ளைகளே வழிகாட்டிகளாக நின்று விளக்குவது வழக்கமாயிற்று.

உருக்கமான கதைதான். என்றாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் மனம் செங்கல்லின் பக்கமே சாய்கிறது. கிளிப்புகள் எண்ணிக்கையைக் காட்டுகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசமில்லை. செங்கல் ஒரு மனிதரை மட்டுமே காட்டுகிறது. கோடியைக் கண்டு நாம் திகைக்கிறோம். ஒருவரைக் கண்டுதான் அழுகிறோம்.

எந்த வயதில் சொல்லலாம்?

பெற்றோரின் கேள்வி வேறு. இவ்வளவு கொடுமையைப் பிஞ்சு உள்ளங்களில் திணிக்க வேண்டுமா? பிள்ளை இரவில் பயந்து எழுந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான கேள்விதான். இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்களும் இதைக் குறித்துக் கவனமாகவே இருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நினைவு அருங்காட்சியகம், தன் முதன்மைக் கண்காட்சியைப் பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பரிந்துரைக்கிறது. யாத் வஷேமின் கல்விப் பிரிவோ, பிள்ளையைக் கையைப் பிடித்துப் பத்திரமாக உள்ளே அழைத்துச் சென்று, பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டும் என்பதையே ஆசிரியர்களுக்கு விதியாகக் கற்பிக்கிறது. பிணக்குவியல்களின் படங்களைக் காட்டி அழவைப்பது கல்வியன்று. இளம் பிள்ளைகளுக்கு ஒரு குடும்பத்தின் கதை போதும்: போருக்கு முன் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன சமைத்தார்கள், பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், பிறகு என்ன நடந்தது.

இன்னொன்றையும் இவர்கள் வற்புறுத்திச் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைக்காதீர்கள். நட்சத்திரம் குத்தி ஒரு மணி நேரம் நிற்கவைத்தால் அந்த வேதனை விளங்கிவிடும் என்று நினைப்பது தவறு. அது விளையாட்டாக முடியும், அல்லது காயமாக முடியும். எதையும் நாடகமாக்கி மேடையேற்றும் நம் சபைகள் இதைச் சற்று நிதானித்துக் கேட்க வேண்டும்.

நினைவுகூர்தல் பற்றி ஜெர்மனியிலேயே கருத்து வேறுபாடுகள் உண்டு. குன்டர் டெம்னிக் என்னும் கலைஞர் 1992-ஆம் ஆண்டு முதல், பலியானவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னே, நடைபாதையில் சிறு பித்தளைக் கற்களைப் பதித்து வருகிறார். அவற்றுக்கு இடறற்கற்கள் என்று பெயர். இடறற்கல் என்றாலே ஏசாயாவும் பேதுருவும் நமக்கு நினைவுக்கு வருவார்கள். 2023-ஆம் ஆண்டு இவற்றின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தை எட்டியது. நவம்பர் 9-ஆம் தேதியும், ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27-ஆம் தேதியும் பள்ளிப் பிள்ளைகள் துணியோடும் பாலிஷோடும் தெருவில் மண்டியிட்டு அக்கற்களைத் துலக்குவதைப் பல நகரங்களில் காணலாம். ஆனால் மூனிக் நகராட்சி பொது நடைபாதையில் இவற்றை அனுமதிப்பதில்லை. அந்நகர யூத சமூகத்தின் தலைவியும், சிறுமியாக இருந்தபோது ஒரு கிராமத்து வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்தவருமான ஷார்லட் க்நோப்லோக், மாண்டவர்களின் பெயர்கள் மறுபடியும் காலடியில் மிதிபடலாகாது என்று எதிர்த்தார். துலக்கும் பிள்ளையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இவர் பக்கமும் இருக்கிறது.

வேறொரு கேள்வி இன்னும் கூர்மையானது. இன்றைய பெர்லின் பள்ளிகளில் துருக்கியிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும், இன்னும் எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளம். அவர்களுடைய தாத்தாக்கள் அந்த இரயில்களை ஓட்டவில்லை. அந்தப் பூங்கா இருக்கைகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசவில்லை. இது எங்கள் வரலாறா என்று அப்பிள்ளைகள் கேட்டால்? பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் கட்டிய நகரங்களில் குடியிருக்கும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. தாராவியிலோ டெல்லியிலோ வளரும் நம் பிள்ளைக்கு அந்த நகரத்தின் பழைய கதை தன் கதையா? ஷோனெபெர்க் பள்ளி இதற்கு வாதம் செய்து பதில் சொல்லவில்லை. உன் வீட்டு எண்ணைப் பார், உன் பிறந்த நாளைப் பார் என்று பட்டியலை நீட்டுகிறது. வம்சத்தால் அல்ல, விலாசத்தால் உறவு.

மும்பையில் உள்ள நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மஸ்ஜித் இரயில் நிலையத்தைக் கடந்து போயிருப்பீர்கள். அதற்கு அப்பெயர் வந்தது அப்பகுதியிலுள்ள, 1796-ஆம் ஆண்டு தோன்றிய யூத ஜெப ஆலயத்தினால்தான் என்று சொல்லப்படுகிறது. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகள் எண்ணெய் ஆட்டி வாழ்ந்த பெனே இஸ்ரவேலர், ஓய்வு நாளில் செக்கை நிறுத்தியதால் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என அழைக்கப்பட்டவர்கள், இன்றும் சிறு தொகையினராக அந்நகரில் நம் அயலார். அதே மாநகரின் ஓரத்தில், நவி மும்பையில், 2006-ஆம் ஆண்டு ஹிட்லரின் பெயரைச் சூட்டி ஓர் உணவகம் திறந்தார்கள். விளம்பரத்திற்காகவே அப்பெயர்! உள்ளூர் யூதர்கள் வேதனையோடு எதிர்ப்புத் தெரிவித்தபின் சில நாட்களில் பெயர் மாற்றப்பட்டது. அந்தப் பெயர்ப் பலகையின் கீழே காபி குடிக்க அமர்ந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே.

யோர்தானைக் கடந்தபோது யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் சொன்ன காரணம் நமக்குத் தெரியும். பிற்காலத்தில் பிள்ளைகள் பார்த்து, இவை என்ன என்று தகப்பன்மாரைக் கேட்பார்கள் என்பதற்காகவே. அங்கே கற்களை நாட்டினவர்கள் பெரியவர்கள், கேட்பவர்கள் பிள்ளைகள். ஷோனெபெர்க்கில் முறை மாறியிருக்கிறது. கற்களை வைப்பவர்கள் பிள்ளைகள். சுவரருகே நின்று பார்க்கும் பெற்றோரில் சிலர், தங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

பள்ளியிலிருந்து சற்று தூரத்தில் ஷோனெபெர்க் நகர மன்றக் கட்டடம் இருக்கிறது. அங்கே "நாங்கள் அயலாராய் இருந்தோம்" என்னும் பொருள்பட்ட தலைப்பில் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய கண்காட்சி ஒன்று உண்டு. அதன் சுவர்களில் கையால் எழுதிய சிறு அட்டைகள் வரிசை வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. அப்பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மொத்தம் 6,000-க்கும் மேல். பிள்ளைகளின் சுவரிலோ ஆயிரத்துக்கு மேல்தான். ஆண்டுக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் வைக்கும் செங்கற்கள் ஏறத்தாழ ஐம்பது. இப்படியே போனால், இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அச்சுவர் முடிந்திருக்காது. அடுத்த ஆண்டு வகுப்பிலும் பட்டியல் மேசைக்கு வரும். யாரோ ஒரு பிள்ளை விரலை வைத்து, தன் பிறந்த நாளைத் தேடிக்கொண்டே கீழே இறங்கும்.